பித்தளை டானிக்

என் மாமா சாவி வெட்டுகிறவர். எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், படிக்கட்டுக்கு அடியில், அலமாரிக்குக் கதவு எடுத்துவிட்ட மாதிரி ஒரு கடை. முப்பது வருடமாக அதற்குள் உட்கார்ந்திருக்கிறார். முன்னால் வெட்டும் இயந்திரம், பின்னால் ஆணி ஆணியாகத் தொங்கும் வெற்றுச் சாவிகள், புருவத்தில் எப்போதும் கொஞ்சம் பித்தளைத் தூள். மற்றவர்கள் சட்டைப்பையில் பேனா வைத்திருக்கும் இடத்தில் இவர் வெர்னியர் அளவுகோல் வைத்திருப்பார்.

அந்த அளவுகோல் சாவிக்கு மட்டும்தான் என்று நினைத்தால் தப்பு. அத்தை தட்டில் இரண்டு பிஸ்கட் வைத்தால் முதலில் அளந்துதான் சாப்பிடுவார்.

"இது ஆறு மில்லிமீட்டர். இது ஆறே கால்."

"அப்ப பெருச நீங்களே சாப்பிடுங்க," என்பார் அத்தை.

"அதுக்குச் சொல்லல. பிஸ்கட்காரன் கவனமா இல்லன்னு சொல்றேன்."

மனிதர்களையும் அவர் சாவியை வைத்துத்தான் எடைபோடுவார். நுனி வளைந்திருந்தால் ஆள் சாவியால் டப்பா மூடி நெம்புகிறவர். பல் தேய்ந்திருந்தால் அவசரக்காரர். ஒருநாள் இரண்டாம் மாடிக்காரர் சாவியை நீட்டினார். மாமா கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரே வீட்டுக்கு இது ஆறாவது சாவி. தொலைக்கிறது நீங்களா, மாப்பிள்ளையா?"

"மாப்பிள்ளைதான்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

"நெனச்சேன். பொண்ணு குடுக்கும்போதே அவர் சாவிய எங்க வைக்கிறார்னு பாத்திருக்கணும் நீங்க."

இப்படி ஊர் வாயை அடக்குகிற மனிதருக்கு ஒரே ஒரு குறை. "என் கையால வெளிய போனது எல்லாமே ரெண்டாவதுதான். மொதல் ஒண்ணு எங்கயோ யாரோ செஞ்சிருப்பான்," என்பார். அதனால்தான் மொட்டை மாடியில் அவர் வைத்த கத்திரிச்செடி முதல் பூ விட்ட அன்று, வாடிக்கையாளர் ஒருவரின் சாவியைப் பாதி வெட்டிய நிலையில் இயந்திரத்திலேயே விட்டுவிட்டு மேலே ஓடினார். அந்தப் பூ எதனுடைய நகலும் இல்லை. அந்த வாடிக்கையாளர் தன் பூட்டிய வீட்டு முன்னால் ஒரு மணி நேரம் நின்றார். அது வேறு விஷயம்.

ஒரு தொட்டி இருபத்துநான்கு தொட்டியாகி, பாதி மாடியைப் பிடித்துக்கொண்டது. மீதிப் பாதியில் துணிக்கொடிகள். கொடிகளில் பெரும்பாலும் மூன்றாம் மாடி டீச்சருடைய போர்வைகள். ஓய்வு பெற்றுவிட்ட பிறகு திருத்த நோட்டு இல்லாததால் தினமும் ஒரு போர்வையைத் துவைக்கிறார் என்பது அத்தையின் கருத்து. கட்டடத்தில் அவர் பெயரே போர்வை டீச்சர்தான்.

ஒருநாள் மாமா தண்ணீர் ஊற்றியபோது தொட்டி மண் தெறித்து, வெள்ளைப் போர்வையில் ஏழு புள்ளி. டீச்சர் ஏழையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டு போய் குடியிருப்போர் சங்கச் செயலாளர் முன்னால் விரித்தார்.

செயலாளரை நாங்கள் தீர்மானம் என்று கூப்பிடுவோம். தும்மல் வந்தால்கூட முன்மொழிந்து வழிமொழிந்துவிட்டுத் தும்முகிற ஆள். மறு ஞாயிறே கூட்டம் போட்டு எழுந்து வாசித்தார்.

"மொட்டை மாடி பன்னிரண்டு வீட்டுக்கும் பொது. ஆகவே தொட்டிகள் அங்கே இருக்க வேண்டுமானால், மூன்று மாதத்துக்குள் பன்னிரண்டு வீட்டுக்கும் வீட்டுக்கு ஒரு பங்கு காய் அதிலிருந்து வர வேண்டும். தவறினால் தொட்டிகள் அகற்றப்பட்டு, மாடி முழுவதும் துணிக்கொடி கட்டப்படும்."

"முழுசும் என்னோடதுதான கொடி," என்று டீச்சர் மெதுவாகக் கேட்டுக்கொண்டார்.

உண்மையில் மாமா சும்மா இருந்திருந்தாலே போதும். கடையில் வாங்கிய மண், மக்கிய உரம், வெயில், தண்ணீர் எல்லாம் இருந்தன. மூன்று மாதத்தில் கத்திரி தானாகக் காய்த்திருக்கும். ஆனால் மாடி போய்விடுமோ என்ற பயத்தில் அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. விதைப் பொட்டலத்தோடு வந்த ஒரு துண்டுத்தாளை எடுத்துவந்து அத்தைக்குப் படித்துக் காட்டினார்.

"செடி வளர இரும்பு, துத்தநாகம், செம்பு, மாங்கனீசு போன்ற உலோகங்களும் மிக மிகச் சிறிய அளவில் தேவை. கேட்டியா? செடி உலோகம் திங்குமாம்."

"மிக மிகச் சிறிய அளவுலன்னு போட்டிருக்கே."

"அது இல்லாதவனுக்கு எழுதினது. நம்மகிட்ட பதினோரு கிலோ இருக்கு."

இருந்தது. சாவி வெட்டும்போது உதிர்கிற பித்தளைத் தூளை முப்பது வருடமாக எண்ணெய் டின்னில் சேர்த்து வைத்திருந்தார், எதற்கு என்று அவருக்கே தெரியாமல். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. தாளில் கேட்ட நாலில் இரண்டு அந்த டின்னில் இருந்தது. அன்றைக்கு மாமா அந்த டின்னைத் தட்டிக்கொடுத்த விதத்தைப் பார்த்தால், வேலை கிடைத்த பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். "செடிக்குப் பல்லு கிடையாது. தூளா போட்டா எப்படி மெல்லும்?" என்று ஒருநாள் முழுக்க யோசித்தார். மறுநாள் தூளை ஒரு வாளியில் கொட்டி, அத்தை வைத்திருந்த வினிகர் பாட்டிலைக் கவிழ்த்து, பக்கத்துக் கடையிலிருந்து இன்னும் ஆறு பாட்டில் வாங்கி ஊற்றி ஊறப்போட்டார். ஐந்து நாளில் வாளித் தண்ணீர் மயில் கழுத்து நிறத்துக்கு வந்தது.

"என்னங்க இது, வாளிக்குப் பாசி புடிச்சிருக்கா?"

"டானிக். பச்சையா இருக்கு பாத்தியா? இத குடிச்சா செடி இன்னும் பச்சையாகும்."

"முப்பது வருஷமா கருப்பு காபி குடிக்கிறீங்க. தலை வெள்ளையாத்தான இருக்கு."

மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

தினமும் காலையில் செடிக்கு ஒரு டம்ளர். இருபத்துமூன்று தொட்டிக்கும் வரிசையாக ஊற்றுவார். இருபத்துநான்காவது தொட்டி டீச்சரின் கொடிக்கு நேர் கீழே இருந்தது. காலையில் ஈரப் போர்வை அதன் மேல் கூடாரம் மாதிரி தொங்கும். அதற்கு டானிக் ஊற்ற வேண்டுமானால் போர்வையை ஒதுக்க வேண்டும். ஒதுக்க வேண்டுமானால் டீச்சரைக் கேட்க வேண்டும். கூட்டத்துக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பேச வேண்டியது எல்லாம் அத்தை வழியாகத்தான் போகும். எதிரெதிரே நின்றாலும் சரி.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, என் போர்வைக்கு அடியில அவர் தொட்டி இருக்கு," என்றார் டீச்சர், மாமாவுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டு.

"அவங்ககிட்ட சொல்லு, என் தொட்டிக்கு மேலதான் அவங்க போர்வை இருக்கு."

"தொட்டிக்குக் காலு இருக்கான்னு கேளுங்க. நகர்த்தலாம்ல."

"போர்வைக்குத்தான் காத்தடிச்சா றெக்கை வருதுன்னு சொல்லு. அது நகரட்டும்."

அத்தை இரண்டு பேரையும் பார்த்தார். "நான் துணி எடுக்க வந்தேன்," என்று சொல்லிவிட்டு, துணி எடுக்காமலே இறங்கிவிட்டார்.

மாமா அந்த ஒரு தொட்டியைக் கைகழுவிவிட்டார். "அது ஒண்ணு போனா போகட்டும். மிச்சம் இருபத்துமூணு இருக்கு."

மூன்றாவது வாரம் செடிகள் அவரைக் கேலி செய்ய ஆரம்பித்தன. புதுத் தளிரெல்லாம் வெளிர் மஞ்சள். நரம்பு மட்டும் பச்சை. தூரத்திலிருந்து பார்த்தால் மஞ்சள் தாளில் பச்சைப் பேனாவால் தெரு வரைபடம் போட்ட மாதிரி. வளர்ச்சியும் நின்றுவிட்டது. மாமா அளவுகோலை எடுத்து ஒரு இலையை ஐந்து நாள் தொடர்ந்து அளந்தார். ஐந்து நாளும் நாற்பத்தொரு மில்லிமீட்டர்.

"டானிக் பத்தல," என்று முடிவுக்கு வந்து இரண்டு டம்ளராக ஏற்றினார்.

மஞ்சள் இன்னும் வெளுத்தது. அப்போதுதான் தாளில் முதலில் இருந்த இரும்பு ஞாபகம் வந்தது. கடையில் துருப்பிடித்துக் கிடந்த பழைய இரும்புச் சாவிகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து தொட்டிக்கு நாலு வீதம் மண்ணில் குத்தி வைத்தார். மாடி முழுக்க ஏதோ சின்னச் சின்னப் பூட்டுகளுக்குக் கல்லறை கட்டிய மாதிரி ஆகிவிட்டது. தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்த தீர்மானம் அங்கே நின்று குனிந்து பார்த்தார்.

"இது என்ன, சாவி நட்டிருக்கீங்களா?"

"இரும்புச் சத்து சார்."

"எப்ப அறுவடை?"

மாமா சிரிக்கவில்லை. இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. கடையில் அவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு சாவி தப்பாக விழுந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "கெளம்புங்க," என்றார். ஒரு பையில் மண், ஒரு பையில் இலை, ஒரு பாட்டிலில் டானிக். மூன்றையும் கொடுத்து மண் பரிசோதனைக் கூடத்துக்கு அவரை அனுப்பிவைத்தார். பாதி வழியில் திரும்பிவிடுவார் என்று சந்தேகப்பட்டு, தானும் கூடவே போனார்.

பரிசோதனைக் கூடத்தில் இருந்த அம்மாள் அப்போது தன் மேஜை இழுப்பறையோடு மல்லுக்கு நின்றிருந்தார். மாமாவின் கண்ணுக்கு முதலில் பட்டது அந்த அம்மாள் இல்லை, பூட்டு.

"தள்ளுங்க, தள்ளுங்க. யாரு இதுல வேற சாவிய திணிச்சது?"

"அலமாரி சாவி. பாக்க ஒரே மாதிரி இருந்துச்சு."

"பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ளயும் போகும். ஆனா திரும்பாது. உள்ள மாட்டிக்கிட்டு உக்காந்துக்கும். இனிமே நீங்க சரியான சாவியக் கொண்டுவந்தாலும் அதுக்கு உள்ள போக எடமில்ல." மாமா சட்டைப்பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து நோண்டத் தொடங்கினார்.

அந்த அம்மாள் அதற்குள் இலையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது என்ன?"

"டானிக்," என்றார் மாமா, பூட்டிலிருந்து தலையை எடுக்காமல்.

"பித்தளைத் தூளு, வினிகர்ல ஊறப்போட்டது," என்றார் அத்தை.

"எவ்வளவு ஊத்தினீங்க?"

"ஒரு டம்ளர்."

"மூணு மாசத்துக்கா?"

"தெனமும். இப்ப ரெண்டு."

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தார். "ஒரு தொட்டிக்கு மூணு மாசத்துக்கும் சேத்து ஒரு கடுகளவு தேவைப்படலாம். அதுவும் உங்க உரத்துலயே இருக்கும். நீங்க செம்பும் துத்தநாகமும் கொடம் கொடமா குடுத்திருக்கீங்க."

"அப்ப ஏன் மஞ்சளாச்சு? சத்துதான குடுத்தேன்."

"மஞ்சளானது இரும்பு பத்தாம. வேரு இரும்ப உள்ள இழுக்கிற வழியில எல்லாம் உங்க செம்பும் துத்தநாகமும் போய் நிக்குது. மண்ணுல இரும்பு இருந்தாலும் அதால உள்ள போக முடியல."

மாமாவின் கை நின்றது. இழுப்பறையிலிருந்து பாதி வெளியே வந்த அலமாரிச் சாவியைப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளைப் பார்த்தார்.

"தப்பு சாவிய திணிச்சிட்டேனா?"

"திணிச்சு, சுத்தியல் வச்சு அடிச்சிருக்கீங்க."

"கம்பி விட்டு எடுக்கலாமா?"

"செம்பு மண்ணுல புடிச்சிக்கிட்டா லேசுல போகாது. அந்த மண்ணக் கட்டி இங்க கொண்டாந்து குடுத்துடுங்க, கண்ட எடத்துல கொட்டாதீங்க. புது மண்ணு போட்டு, மறுபடி மொதல்லேருந்து."

முதலிலிருந்து என்றால் மூன்று மாதம். இருந்ததோ ஏழு வாரம். மாமா இழுப்பறையைத் திறந்துகொடுத்துவிட்டு வெளியே வந்தார். பேருந்தில் அத்தை, "பிஸ்கட் வேணுமா?" என்று கேட்டார். வாங்கிக்கொண்டார். அளக்காமல் சாப்பிட்டார். அப்போதுதான் அத்தைக்குப் பயம் வந்தது.

அடுத்த நாளே செடிகளைப் பிடுங்கினார். வேர்கள் பரவவே இல்லை. பழுப்பாகி, கட்டையாகி, தேய்ந்த பல்துலக்கி மாதிரி இருந்தன. இருபத்துமூன்று தொட்டியும் காலி. மண்மூட்டைகளையும் மிச்ச டானிக்கையும் வண்டி வைத்து அந்த அம்மாளிடம் ஒப்படைத்தார். புது மண் நிரப்பிச் சின்ன நாற்று வைத்தார். ஆனால் மாடிக்குப் போவதையே குறைத்துக்கொண்டார். அத்தைதான் தண்ணீர் ஊற்றினார். இருபத்துநான்காவது தொட்டி ஒன்று உண்டு என்பதே எல்லோருக்கும் மறந்துவிட்டது. அதற்குத் தண்ணீர் ஊற்ற யாரும் தேவைப்படவும் இல்லை. போர்வை தினமும் சொட்டியது. மத்தியானம் டீச்சர் போர்வையை எடுத்ததும் சாயங்காலம் வரை நல்ல வெயில்.

கூட்டத்துக்கு முதல்நாள் மத்தியானம் டீச்சர் அத்தை வீட்டுக் கதவைத் தட்டினார். மாமா உள்ளே நாற்காலியில்தான் இருந்தார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, அவர் செடி என் போர்வையப் புடிச்சு இழுக்குதுன்னு."

"என் செடியெல்லாம் செத்துப்போச்சுன்னு சொல்லு," என்றார் மாமா.

"செத்த செடிக்கு எப்படி முள்ளு வந்துச்சுன்னு கேளுங்க. போர்வையில நூலு பிரிஞ்சிருச்சு. கூடவே ஒரு காயும் மாட்டிக்கிட்டு தொங்குது."

மாமா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். இருபத்துநான்காவது தொட்டியில் இடுப்பளவு செடி. இலை ஒவ்வொன்றும் கை அகலம், கரும்பச்சை. நான்கைந்து ஊதாப் பூக்கள். நடுவில் நீளமாக, பளபளவென்று, ஒரே ஒரு கத்திரிக்காய். மாமா அதைத் தொடவில்லை. முதலில் அளவுகோலை எடுத்தார்.

"இருநூத்தி நாலு மில்லிமீட்டர்," என்றார். "இதுக்கு நான் ஒண்ணுமே பண்ணலியே."

"அதான் காய்ச்சிருக்கு," என்றார் அத்தை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பன்னிரண்டு வீட்டு ஆட்களும் மாடியில் கூடினார்கள். தீர்மானம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, இருபத்துமூன்று தொட்டியில் நின்ற இன்னும் பூ விடாத சாண் உயரச் செடிகளைப் பார்த்தார். பிறகு அந்த ஒற்றைக் கத்திரிக்காயைப் பார்த்தார்.

"பன்னிரண்டு வீடு. ஒரு காய்."

"ஒரு நிமிஷம் சார்," என்றார் மாமா. பலகையைப் போட்டு, காயைப் பறித்து வைத்து, காம்பு பக்கம் கொஞ்சம் விட்டுவிட்டு, அளவுகோலால் குறி போட்டு வெட்டத் தொடங்கினார். ஒவ்வொரு துண்டையும் அளந்து தட்டில் வைத்தார். முப்பது வருடமாகச் சாவி வெட்டியவர் அன்று இரண்டு தடவை நிறுத்தி உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பன்னண்டு துண்டு. ஒவ்வொண்ணும் பதினாறு மில்லிமீட்டர். சந்தேகம்னா அளந்துக்கோங்க."

அளந்தார்கள். இரண்டாம் மாடிக்காரர் தன் துண்டையும் பக்கத்து வீட்டுத் துண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு தலையாட்டினார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

"பங்குன்னா எவ்வளவுன்னு தீர்மானத்துல எழுதல," என்று தீர்மானம் வருத்தத்தோடு தன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா இத பங்குன்னு ஏத்துக்கிட்டா நாளைக்கு ஒருத்தர் பட்டாணிய வெட்டுவார். டீச்சர், புகார் உங்களோடது. நீங்க என்ன சொல்றீங்க?"

எல்லோரும் திரும்பினார்கள். அவர் வேண்டாம் என்றால் மாடி முழுவதும் கொடி. மாமா அளவுகோலை மூடினார், திறந்தார், மூடினார்.

டீச்சர் தன் துண்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார், மார்க் போடுவதற்கு முன் பார்ப்பது மாதிரி.

"இருபத்துமூணு செடிய இவர் வளத்தார். ஒண்ணு கூட இல்ல. ஒரு செடிய என் போர்வை வளத்துச்சு. பன்னண்டு வீட்டுக்கும் காய் குடுத்திருக்கு. அப்ப இந்தத் தோட்டத்துல எனக்கும் உரிமை இருக்கு. என் தோட்டத்த நானே எதுக்கு எடுக்கச் சொல்லணும்?"

"அப்ப தொட்டி இருக்கலாமா?" என்று தீர்மானம் பேனாவைத் திறந்தார்.

"இருக்கலாம். என் போர்வையும் மேல இருக்கும். ஆனா இவர் எந்தச் செடிக்கும் எதையும் என்னக் கேக்காம ஊத்தக் கூடாது. வாளியப் பாத்தா எனக்கே பயமா இருக்கு. அதையும் எழுதிக்கோங்க."

எழுதப்பட்டது. முன்மொழிந்தது டீச்சர், வழிமொழிந்தது அத்தை.

இப்போது அந்தத் தொட்டிகளில் காய் தட்டுப்பாடு இல்லை. போன மாதம் ஒரு செடியில் ஒரு இலை மட்டும் லேசாக வெளிறியது. மாமா பரிசோதனைக் கூடத்துக்கு ஓடிப்போய், அந்த அம்மாள் கொடுத்த இரும்புச் சத்துத் தூளை ஒரு சீட்டில் மடித்துக்கொண்டு வந்தார். கடுகு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் அளந்து, சமமாக்கினார். பிறகு மாடிக்கு எடுத்துப் போனார். டீச்சர் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தார். அத்தை கீழே சமையலறையில் இருந்தார். சொல்லியனுப்ப ஆள் இல்லை.

மாமா சீட்டைப் பிரித்து நீட்டினார்.

"ரெண்டு மில்லிமீட்டர்தான் டீச்சர். போடலாமா?"

டீச்சர் கிளிப்பைப் பல்லிலிருந்து எடுத்தார்.

"ஒன்னரையாக்குங்க."